டெட்லைனும் மொட்டைமாடி ஆன்டெனாவும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில், புரோகிராமர்கள் வேலை தவிர வேறு எதில் மூழ்கிக் கிடக்கிறார்கள், அதற்கு நேரம் எங்கிருந்து வருகிறது என்று எழுதச் சொல்லியிருந்தோம். கடிதங்கள் குவிந்துவிட்டன. பெரும்பாலும் பெங்களூரிலிருந்து, சில ஊரிலிருக்கும் பெற்றோரிடமிருந்து. பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் ஊரும் ஏரியாவும் மட்டும் போட்டிருக்கிறேன்.

அக்கா, நான் பேக்கெண்ட் டெவலப்பர். எஸ்டிஆர் டாங்கிள் என்ற சின்ன ரேடியோ ரிசீவரை லேப்டாப்பில் செருகி, கையால் செய்த வி வடிவ ஆன்டெனாவை வைத்து வானிலை சாட்டிலைட் படம் பிடிப்பது என் ஹாபி. 2025 தொடக்கத்தில் நோவா 19 என்ற அமெரிக்க சாட்டிலைட்டிலிருந்து இலங்கை வரை தெளிவாகப் படம் கிடைத்தது. அப்புறம் ஆபீசில் ஒரு பெரிய மைக்ரேஷன் (பழைய சிஸ்டத்திலிருந்து புதியதுக்கு மாற்றும் வேலை), மாதக்கணக்கில் தொடவே முடியவில்லை. இப்போது எடுத்துப் பார்த்தால் வெறும் இரைச்சல். எங்கே விட்டேன், எந்த செட்டிங் வைத்திருந்தேன் என்று தேடுவதிலேயே ஞாயிற்றுக்கிழமை போய்விடுகிறது. தூக்கிப் போட்டுவிடலாமா?
– பெல்லந்தூர்

போடாதீர்கள் தம்பி. உங்கள் ஆன்டெனாவில் கோளாறு இல்லை, சாட்டிலைட்தான் இப்போது பேசுவதில்லை. நோவா 18-ஐ 2025 ஜூனில் நிறுத்தினார்கள், நோவா 19-ஐயும் நோவா 15-ஐயும் அதே ஆண்டு ஆகஸ்டில். நோவா 15 மேலே போனது 1998-இல் என்பதை நினைத்துப் பாருங்கள், அத்தனை வருஷம் உழைத்திருக்கிறது. நீங்கள் மைக்ரேஷனில் முழுகியிருந்த நேரத்தில் மூன்றும் ஓய்ந்துவிட்டன.

ஆனால் அதே 137 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் ரஷ்யாவின் மெட்டியோர் எம்2-3, எம்2-4 இரண்டும் படம் அனுப்புகின்றன. ஆன்டெனாவை மாற்ற வேண்டாம். ஒரு பக்கம் சுமார் 53 சென்டிமீட்டர், இரண்டு கம்பிக்கும் நடுவே 120 டிகிரி, தரைக்குச் சமமாகப் படுக்க வைத்த அந்த வி வடிவம் இதற்கும் பொருந்தும். மாறியிருப்பது சிக்னல். நோவா அனுப்பியது பழைய அனலாக், காதில் கேட்டாலே டிக் டிக் என்று வரும். மெட்டியோர் அனுப்புவது டிஜிட்டல், பழைய சாஃப்ட்வேர் அதைப் படிக்காது. சாட்டம்ப் என்ற இலவச மென்பொருளைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் உண்மையான கேள்விக்கு வருகிறேன். நேரம் இல்லை என்பதைவிட, விட்ட இடம் தெரியவில்லை என்பதுதான் உங்களைக் களைப்பாக்குகிறது. வாரம் முழுக்க ஆபீஸ் கோடு (நிரல்) தலைக்குள் ஓடுகிறவருக்கு ஹாபியின் விவரம் நினைவில் நிற்காது, நிற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. அதனால் மூடி வைப்பதற்கு முன் கடைசி ஐந்து நிமிஷத்தை எழுதுவதற்கென்றே ஒதுக்குங்கள். டாங்கிள் வைக்கும் டப்பாவுக்குள்ளேயே ஒரு சின்ன நோட்டு. அதில் இப்படி: ‘கெயின் 40-இல் இரைச்சல் அதிகம், 30-க்கு இறக்கிப் பார்க்கணும். நீள கேபிள் ஷூ ராக்கில் இருக்கு. வடக்குப் பக்கம் வாட்டர் டேங்க் மறைக்குது. அடுத்து: மொட்டைமாடிச் சாவிக்கு செக்யூரிட்டியிடம் சொல்லி வைக்கணும்.’ கடைசி வரி முக்கியம். ‘சிக்னலைச் சரிசெய்’ என்று எழுதினால் அடுத்த வாரம் மறுபடி முழிப்பீர்கள். சாவி வாங்கு, கேபிள் எடு, எண்ணை மாற்று என்று கை உடனே செய்யக்கூடிய ஒன்றாக இருக்கட்டும்.

உங்கள் ஹாபியில் இன்னொரு வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். இந்த சாட்டிலைட்டுகள் நம் தலைக்கு மேல் கடந்து போவதற்கு அதிகம் போனால் கால் மணி நேரம். எப்போது வரும் என்று முன்கூட்டியே தெரியும். சனிக்கிழமை ஒரு கடப்பைத் தேர்ந்தெடுத்து அதற்கு மட்டும் மாடி ஏறுங்கள். மேகத் திரள் அரபிக்கடல் மேல் விரிந்து ஸ்கிரீனில் வரி வரியாக இறங்கும்போது கிடைக்கும் அந்தச் சந்தோஷத்துக்கு ஒரு கால் மணி நேரம் போதும். எல்லாவற்றையும் தானாகப் பதிவு செய்ய ஸ்கிரிப்ட் எழுதுகிறேன் என்று இப்போதே இறங்காதீர்கள். அது இன்னொரு ப்ராஜெக்ட், அதற்கும் ஒரு டெட்லைன் முளைத்துவிடும்.

மகள் பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலை. போன் பண்ணினால் ‘அப்பா, டெட்லைன் இருக்கு, அப்புறம் பேசறேன்’ என்கிறாள். இரவு ஒன்பதரைக்குக்கூட மீட்டிங் என்கிறாள். நான் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன். ஐந்தரை மணிக்குப் பூட்டிவிட்டு வருவோம். இது என்ன வேலை, யாராவது புரியும்படி சொல்வீர்களா?
– அம்பாசமுத்திரம்

சொல்கிறேன் ஐயா. பல கம்பெனிகளில் இரண்டு வாரத்தை ஒரு சுற்றாக வைத்திருப்பார்கள், அதற்கு ஸ்பிரிண்ட் என்று பெயர். முதல் நாள் உட்கார்ந்து, இந்த இரண்டு வாரத்தில் யார் எதை முடிப்பது என்று பிரித்துக்கொள்வார்கள். தினமும் காலையில் கால் மணி நேரம் எல்லோரும் கூடி, நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன், எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். ஒருவர் எழுதிய நிரலை (கோடு என்பார்கள்) இன்னொருவர் படித்துக் குறை சொல்லி, திருத்தி, அப்புறம்தான் உள்ளே சேர்ப்பார்கள். உங்கள் சங்கத்தில் ஒருவர் எழுதிய லெட்ஜரை இன்னொருவர் டிக் அடித்துச் சரிபார்த்திருப்பீர்களே, அதேதான். சுற்றின் கடைசி இரண்டு நாளில் எல்லாம் ஒன்றாக வந்து நெருக்கும். மகள் போனை வைக்கிற நாட்கள் பெரும்பாலும் அவைதான்.

இரவு மீட்டிங்குக்குக் காரணம் கடிகாரம். அமெரிக்காவின் மேற்குக் கரையில் காலை எட்டு மணி என்றால், அவர்களின் கோடைக்கால நேரப்படி இங்கே இரவு எட்டரை. நவம்பர் முதல் ஞாயிறு அன்று அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள், அன்றிலிருந்து அதே மீட்டிங் நமக்கு ஒன்பதரைக்குப் போய்விடும். மார்ச் இரண்டாவது ஞாயிறில் மறுபடி எட்டரைக்கு வரும். நம் ஊரில் கடிகாரம் மாறாததால் நம் பிள்ளைகளின் இரவுச் சாப்பாட்டு நேரம்தான் மாறுகிறது.

ஒன்று செய்யுங்கள் ஐயா. ‘சாப்பிட்டியா, எப்ப வருவே’ என்று கேட்பதோடு, ‘இப்ப என்னம்மா பண்ணிக்கிட்டிருக்கே’ என்றும் கேளுங்கள். பணம் அனுப்பும் ஆப்பாக இருக்கலாம், ஆஸ்பத்திரியில் டோக்கன் போடும் ஸ்கிரீனாக இருக்கலாம். எழுதுகிற வேலையைப் பற்றி வீட்டில் யாராவது கேட்டால் மனசு விட்டுச் சொல்வோம். ஞாயிறு காலை கூப்பிடுங்கள், அன்றைக்கு அவசரம் இருக்காது.

டீம் லீடாக ஒரு வருஷம் ஆகிறது. வாரா வாரம் இதே கதை. புதன்கிழமை கிளையன்ட் ஏதாவது கேட்பார், மேனேஜர் ‘வெள்ளிக்கிழமை கொடுத்துடலாம்’ என்று தலையாட்டிவிடுவார். வியாழக்கிழமை ராத்திரி நாங்கள் நான்கு பேர் உட்கார்ந்திருப்போம். சனிக்கிழமை எச்எஸ்ஆர் லேஅவுட்டில் தோழிகளோடு போர்டு கேம் விளையாடப் போவது ஒன்றுதான் எனக்கு மிச்சம், அதையும் தொடர்ந்து கேன்சல் செய்கிறேன். எப்படி மறுப்பது மேடம்?
– எலக்ட்ரானிக் சிட்டி

மறுக்க வேண்டாம், குறைக்கச் சொல்லுங்கள். ‘முடியாது’ என்ற வார்த்தையை மேனேஜர்கள் கேட்டுப் பழகியவர்கள், அது அவர்கள் காதில் ஏறாது. தேதியை நகர்த்த மனசு வராதவர்கள்கூட, என்ன கொடுக்கிறோம் என்பதில் இறங்கி வருவார்கள்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். ரிப்போர்ட்டை டவுன்லோட் செய்யும் வசதி கேட்கிறார்கள். எக்செல்லும் வேண்டும், பிடிஎஃபும் வேண்டும், வாரம் ஒருமுறை தானாக மெயிலில் போகவும் வேண்டும். இதில் மெயில்தான் வலி, ஏனென்றால் அதற்கு வேலையைக் குறித்த நேரத்தில் ஓட்ட வேண்டும், தோற்றால் மறுபடி அனுப்ப வேண்டும், ஒரே ஆளுக்கு இரண்டு முறை போகாமல் பார்க்க வேண்டும். அதனால் புதன்கிழமை சாயங்காலமே, கேட்டு இரண்டு மணி நேரத்துக்குள், எழுத்தில் அனுப்புங்கள்: ‘வெள்ளிக்கிழமை எக்செல் உறுதி. பிடிஎஃப் அடுத்த புதன். மெயில் அதற்கடுத்த வாரம். மூன்றும் வெள்ளிக்கிழமையே என்றால் டெஸ்டிங் இருக்காது, அதற்கு உங்கள் ஒப்புதல் வேண்டும்.’ டெஸ்டிங் இல்லாமல் ஏற்று என்று எழுத்தில் ஒப்புதல் தர எவருக்கும் கை வராது. இதையே வியாழக்கிழமை ராத்திரி பத்து மணிக்குச் சொன்னால் சாக்கு மாதிரி கேட்கும், புதன்கிழமை சொன்னால் திட்டம் மாதிரி கேட்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.

இதில் நான் பிடிவாதமாக இருக்கும் விஷயம் ஒன்று உண்டு. வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல், கிளையன்ட் நிஜமாகப் பயன்படுத்தும் சிஸ்டமான புரொடக்‌ஷனில் எதையும் ஏற்றாதீர்கள். ஏதாவது உடைந்தால் அதைச் சரிசெய்ய சனிக்கிழமை யார் வருவது? உங்கள் டீமில் கடைசியாகச் சேர்ந்த பையன்தான் வருவான், அவனுக்கு எங்கே என்ன இருக்கிறது என்றே தெரியாது. கிளையன்ட்டுக்கு வெள்ளிக்கிழமை டெமோ காட்டுங்கள், திங்கட்கிழமை காலை ஏற்றுங்கள். பெரும்பாலான கிளையன்ட்டுகளுக்கு அது போதும், கேட்டுப் பாருங்கள்.

போர்டு கேம் விஷயம். உங்கள் ஆபீஸ் காலண்டரிலேயே சனிக்கிழமை நான்கிலிருந்து ஏழு வரை பிளாக் செய்யுங்கள், டீமுக்கும் தெரியட்டும். லீட் தன் சனிக்கிழமையைக் காப்பாற்றினால்தான் ஜூனியர்கள் தங்கள் சனிக்கிழமையைக் காப்பாற்றத் துணிவார்கள்.

என் கணவர் புரோகிராமர். வாரம் முழுக்க லேப்டாப்பில் தட்டுகிறார், சனி ஞாயிறு வந்தால் கீபோர்டைப் பிரித்து மேஜை முழுக்கப் பரப்பிவைத்துவிட்டு, ஒவ்வொரு ஸ்விட்சுக்கும் பிரஷ்ஷால் கிரீஸ் தடவுகிறார். சத்தம் மாறுகிறதாம். கீபோர்டு மூன்று இருக்கிறது. பணத்தைவிட, அந்த மேஜையிலிருந்து எப்போது எழுவார் என்று தெரியாமல் காத்திருப்பதுதான் எனக்குக் கஷ்டம். இது சாதாரணம்தானா?
– கே.ஆர்.புரம்

சாதாரணம்தான்மா, பெங்களூரில் இந்தக் கூட்டம் பெரியது. அவர் என்ன செய்கிறார் என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். ஒரு ஸ்விட்சைத் திறந்தால் நான்கு பாகம் வரும்: மேல் மூடி, கீழ் மூடி, ஒரு ஸ்பிரிங், நடுவில் ஏறி இறங்கும் தண்டு. அந்தத் தண்டு உரசும் இடங்களில் மட்டும், கண்ணுக்கே தெரியாத அளவு மெல்லிசாகத் தடவ வேண்டும். கொஞ்சம் அதிகமானால் கீ மந்தமாகிவிடும். நம்பர் பேட் இல்லாத கீபோர்டில் வழக்கமாக 87 கீ, அப்படியென்றால் 87 முறை இதைச் செய்ய வேண்டும். வாரம் முழுக்க அவர் செய்யும் வேலையைக் கையால் தொட முடியாது. எழுதிய கோடு எங்கோ ஒரு சர்வரில் ஓடுகிறது. கையால் தொட்டு, காதால் கேட்டு, இது நன்றாகிவிட்டது என்று தெரிந்துகொள்கிற ஒரு வேலைக்கு மனசு ஏங்குகிறது. அந்த ஏக்கம் எனக்கு நன்றாகவே புரிகிறது.

ஆனால் நீங்கள் சொன்ன கஷ்டம் நியாயமானது, அதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும். எப்போது எழுவார் என்று தெரியாமல் வீட்டில் ஒருவரைக் காத்திருக்க வைப்பது தப்பு. இந்த வேலையைத் துண்டு துண்டாகப் பிரிப்பது ரொம்ப எளிது, அதனால் சாக்குச் சொல்ல இடமில்லை. இருபது ஸ்விட்ச், அப்புறம் டப்பாவை மூடு. இதை நான் சொன்னதாகவே அவரிடம் சொல்லுங்கள். தடவியதும் தடவாததும் கலக்காமலிருக்க இரண்டு டப்பா வைத்துக்கொண்டால் எந்த நிமிஷத்திலும் எழுந்து வரலாம். சாப்பாட்டு மேஜை வேண்டாம், ஒரு டிரேயில் வைத்துச் செய்தால் அப்படியே தூக்கி அலமாரியில் வைக்கலாம்.

அடுத்த கீபோர்டு வாங்கும் முன், இருக்கிற மூன்றில் ஒன்றில் தமிழ்99 என்ற தட்டச்சு முறையைப் பழகச் சொல்லுங்கள். 1999-இல் தமிழக அரசு ஏற்ற அமைப்பு, உயிரெழுத்தெல்லாம் இடது கைக்கு, மெய்யெல்லாம் பெரும்பாலும் வலது கைக்கு. ஒரே மெய்யை இரண்டு தரம் தட்டினால் முதலாவதில் புள்ளி தானாக விழும். ‘அம்மா’ என்று அடிக்க நான்கே தட்டு: அ, ம, ம, ஆ. விண்டோஸிலும் ஐபோனிலும் ஏற்கெனவே இருக்கிறது, காசு கிடையாது. அவ்வளவு கஷ்டப்பட்டு மெருகேற்றிய கீபோர்டில் உங்களுக்கு ஒரு கடிதம் தமிழில் அடித்துக் கொடுக்கட்டும்.

மேடம், நான் எஞ்சினியரிங் மூன்றாம் வருஷம். பெங்களூரில் வேலை வேண்டுமென்றால் நிரல்களைப் போட்டு வைக்கும் கிட்ஹப் தளத்தில் சொந்த ப்ராஜெக்ட் நிறைய இருக்க வேண்டும் என்கிறார்கள் சீனியர்கள். எல்லோரும் செய்ய வேண்டியதைப் பட்டியல் போடும் டூ-டூ ஆப்பும் வெதர் ஆப்பும் செய்கிறார்கள். நானும் செய்தேன், சலிப்பாக இருக்கிறது. என்ன செய்யலாம்?
– ஓசூர்

இன்டர்வியூவில் உட்கார்ந்து ஆள் எடுப்பவள் என்ற முறையில் சொல்கிறேன் தம்பி, டூ-டூ ஆப்பைத் திறந்துகூடப் பார்க்க மாட்டோம். ஆனால் ஒருவன் உண்மையிலேயே ஒரு பிரச்சினையில் சிக்கி, அதைத் தோண்டியிருந்தால், பேச ஆரம்பித்த இரண்டாவது நிமிஷத்தில் தெரிந்துவிடும். பைத்தான் என்ற நிரல் மொழியே 1989 டிசம்பரில், கிறிஸ்துமஸ் விடுமுறையில், கைடோ வான் ராஸம் பொழுதுபோக்காக ஆரம்பித்ததுதான். லினக்ஸ் இயங்குதளத்தை 1991-இல் அறிவித்தபோது லினஸ் டோர்வால்ட்ஸும் அதைப் பொழுதுபோக்கு என்றுதான் எழுதினார். ரெஸ்யூமேக்காக ஆரம்பித்தவை இல்லை இரண்டும்.

உங்கள் கைக்கு எட்டும் தூரத்திலேயே நல்ல பிரச்சினைகள் கிடக்கின்றன. பைத்தானைத் திறந்து ‘கொக்கு’ என்ற சொல்லின் நீளத்தைக் கேளுங்கள். மூன்று எழுத்து என்று நமக்குத் தெரியும்: கொ, க், கு. பைத்தான் 6 என்று சொல்லும். ஏனென்றால் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் க, கொம்பு சேர்ந்த ஒகரக் குறி, க, புள்ளி, க, உகரக் குறி என்று ஆறு குறியீடுகளாக அது சேமிக்கப்படுகிறது. அதைத் திருப்பிப் போடச் சொன்னால் குறிகளெல்லாம் இடம் மாறி அசிங்கமாக வரும். இன்னும் கொஞ்சம் தோண்டினால் இதைவிடச் சுவாரசியமான ஒன்று வரும். அதே ‘கொ’வை, ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாக வைத்தும் எழுதலாம். ஸ்கிரீனில் இரண்டும் ஒன்றாகவே தெரியும், ஆனால் கம்ப்யூட்டருக்கு இரண்டும் வேறு வேறு சொல், ஒன்றைத் தேடினால் இன்னொன்று கிடைக்காது. இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் நார்மலைசேஷன் என்று ஒன்று எதற்கு இருக்கிறது என்பது அப்போதுதான் எலும்பில் ஏறும்.

தமிழ்ப் பெயர்களைத் தேடும் ஒரு சின்ன நிரல் எழுதுங்கள். ஒரு குறுக்கெழுத்துப் புதிர் செய்யுங்கள், எழுத்தை எண்ணுவதில் தொடங்கி ஒவ்வொரு கட்டத்திலும் இந்தச் சிக்கல் வரும். ஓப்பன்-தமிழ் என்று ஏற்கெனவே ஒரு பைத்தான் லைப்ரரி இருக்கிறது, அதில் மற்றவர்கள் இதை எப்படிச் சமாளித்திருக்கிறார்கள் என்று படியுங்கள், குறை தெரிந்தால் திருத்தி அனுப்புங்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து வைத்த பழைய நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன, சோதித்துப் பார்க்க அதைவிடப் பெரிய பொக்கிஷம் உங்களுக்குக் கிடையாது. இப்படி ஒன்றே ஒன்று போதும். ஆனால் அதைப் பற்றி அரை மணி நேரம் நிறுத்தாமல் பேசத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆறு வாரத்துக்கு ஒருமுறை எனக்கு ஆன்-கால், அதாவது சிஸ்டத்தில் கோளாறு என்று அலாரம் அடித்தால் எந்நேரமும் எழுந்து பார்க்க வேண்டும். அந்த வாரம் முழுக்கப் போனைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், ஹாபியும் ஓடவில்லை, தூக்கமும் இல்லை.
– ஒயிட்ஃபீல்டு

அந்த வாரத்தில் பெரிய ஹாபி எதையும் எடுக்காதீர்கள். சால்டரிங் அயர்ன் 350 டிகிரியில் இருக்கும்போது அலாரம் அடித்தால் ஆபத்து. சட்டென்று கீழே வைக்கக்கூடியது எதுவோ அதுதான் ஆன்-கால் வாரத்துக்கு. ரூபிக் கியூப் நல்லது. 43-க்குப் பின்னால் இன்னும் 18 இலக்கங்கள் வருகிற அளவுக்கு அதில் நிலைகள் உண்டு, ஆனாலும் எந்த நிலையிலிருந்தும் 20 திருப்புக்குள் முடித்துவிடலாம் என்று 2010-இல் கம்ப்யூட்டரை வைத்து நிரூபித்தார்கள். பாதியில் வைத்தாலும் அது அப்படியே இருக்கும்.

தூக்கத்துக்கு வேறு வழி இல்லை, அலாரத்தைக் குறைக்க வேண்டும். இந்த வாரம் அடித்த ஒவ்வொன்றுக்கும் நேராக, எழுந்து என்ன செய்தேன் என்று எழுதுங்கள். ‘பார்த்தேன், தானாகச் சரியாகிவிட்டது, படுத்தேன்’ என்று வருகிறவை எல்லாம் ராத்திரி அடிக்க வேண்டியவையே அல்ல. அந்தப் பட்டியலோடு திங்கட்கிழமை மீட்டிங்கில் உட்காருங்கள். ராத்திரி எழுந்த மறுநாள் காலை தாமதமாகத்தான் வருவேன் என்பதையும் அங்கேயே பேசி முடிவு செய்துவிடுங்கள், சலுகையாகக் கேட்காதீர்கள்.

ஏஐ இப்போது எல்லா நிரலையும் எழுதிக் கொடுத்துவிடுகிறது. ஆபீசில் அதை வைத்துத்தான் வேலை ஓடுகிறது. வீட்டில் ஆசையாக உட்கார்ந்து ஒரு புதிரைப் போட்டால், ‘அதைக் கேட்டால் பத்து விநாடியில் சொல்லிவிடுமே, நான் ஏன்’ என்று தோன்றி ஆசையே போய்விடுகிறது.
– மாரத்தஹள்ளி

இந்தக் கேள்வியைப் படித்ததும் கொஞ்ச நேரம் வருத்தமாக இருந்தது, ஏனென்றால் எங்கள் ஆபீசிலும் இதைச் சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

அட்வென்ட் ஆஃப் கோடு என்று ஒவ்வொரு டிசம்பரிலும் நிரல் புதிர்கள் வரும், 2015-இலிருந்து நடக்கிறது. நமக்குப் புதிர் திறக்கும் நேரம் காலை பத்தரை, சரியாக ஸ்டாண்டப் என்ற தினக் கூட்டம் நடக்கிற நேரம். 25 நாள் வந்துகொண்டிருந்ததை 2025-இல் 12 ஆகக் குறைத்தார்கள், உலக அளவில் யார் முதலில் முடித்தார் என்ற பட்டியலையும் எடுத்துவிட்டார்கள். எனக்கு அது ரொம்பப் பிடித்த முடிவு. பட்டியல் இருந்தவரை முடிக்கும் விநாடிக்குத்தான் மதிப்பு. இப்போது நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து, ராத்திரி சாப்பிட்ட பிறகு, ஆளுக்கொரு மொழியில் போட்டுப் பார்த்து, நீ எப்படிப் போட்டாய் என்று கேட்டுக்கொள்கிறோம். அதில் யாரும் ஏஐயிடம் விடை கேட்பதில்லை, கேட்டால் பேசுவதற்கு எதுவும் இருக்காதே.

வீட்டுக்கு ஒரு எல்லை வைத்துக்கொள்ளுங்கள். இன்ஸ்டாலேஷன் சொதப்பல், புரியாத எரர், பழைய லைப்ரரியின் பதிப்புச் சண்டை, இதையெல்லாம் ஏஐயிடம் தள்ளிவிடுங்கள், முன்பு பாதி ஞாயிறை அவைதான் தின்றன. எந்தப் பகுதிக்காக ஆசைப்பட்டு உட்கார்ந்தீர்களோ அதை மட்டும் உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பாதை கண்டுபிடிக்கும் புதிர் என்றால் அந்தப் பாதையை நீங்கள்தான் காகிதத்தில் வரைய வேண்டும். மாட்டிக்கொண்டால் மாட்டிக்கொண்டே தூங்குங்கள். அடுத்த நாள் குளிக்கும்போது விடை வந்து நிற்கும். அதை யாரும் உங்களுக்கு எழுதிக் கொடுக்க முடியாது.

எலக்ட்ரானிக்ஸ் சாமான் வாங்க எஸ்.பி. ரோடு போக வேண்டும் என்கிறார்கள். ஊருக்குப் புதிது, கன்னடம் தெரியாது. எப்படிப் போவது? ஆன்லைனிலேயே வாங்கிவிடலாமா?
– பொம்மசந்திரா

ஒரு தடவையாவது நேரில் போங்கள். உங்களுக்கு இப்போது மெட்ரோ சுலபம். 2025 ஆகஸ்டில் திறந்த மஞ்சள் லைனில் பொம்மசந்திராவிலேயே ஏறி, ஆர்.வி. ரோடில் பச்சை லைனுக்கு மாறி, சிக்பேட்டையில் இறங்கி நடந்துவிடலாம். ஒயிட்ஃபீல்டு பக்கத்து ஆட்கள் ஊதா லைனில் மெஜஸ்டிக் வந்து மாறினால் அடுத்த ஸ்டேஷனே சிக்பேட்டைதான்.

ஞாயிற்றுக்கிழமை நிறையக் கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமை மதியத்துக்கு முன்னால் போங்கள். மொழிக்குப் பயப்படாதீர்கள், கடைக்காரர்கள் பலருக்குத் தமிழ் தெரியும். ஆனாலும் ‘எஷ்டு’ என்று விலையைக் கன்னடத்தில் கேளுங்கள், அந்த ஊர்ச் சோறு சாப்பிடுகிறோம், அதுகூடத் தெரியாமல் இருக்கக் கூடாது. வேண்டிய பாகத்தின் எண்ணை எழுதி எடுத்துப் போங்கள், பழையது இருந்தால் அதையே கொண்டுபோய்க் காட்டுங்கள். ரெசிஸ்டர், கனெக்டர், ஹெடர் பின், வயர் இதெல்லாம் அங்கே சில்லறையாக நாலும் ஐந்துமாக வாங்கலாம், ஆன்லைனில் நூறு நூறாகத்தான் தலையில் கட்டுவார்கள். டெவலப்மென்ட் போர்டு, சென்சார் போன்றவற்றை மட்டும் ஆன்லைனில் விலை பார்த்துவிட்டுப் போங்கள், சில சமயம் அங்கே விலை கூடுதலாக இருக்கும். பில் கேட்டு வாங்குங்கள், போர்டு வேலை செய்யாவிட்டால் மாற்றித் தருவார்களா என்று காசு கொடுக்கும் முன் கேளுங்கள். சந்துகள் குறுகல், பைக்குகள் நடுவில் நுழையும், பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள்.